முதல் மூட்டை எங்கிருந்து வரும்?

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் சுலோசனா முதலியார் பாலத்தைக் கடக்க வேண்டும். கீழே தாமிரபரணி ஓடுகிறது. பாலம் முடிகிற இடத்தில் கொக்கிரகுளம். கலெக்டர் ஆபீசு அங்கேதான் இருக்கிறது. அதை அடுத்தது வண்ணார்பேட்டை.

பெயரைக் கவனியுங்கள். வண்ணார் பேட்டை. ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை!

இன்று அங்கே போய்ப் பார்த்தால் கண் கூசும். மாடிக்கு மேல் மாடியாக ஜவுளிக் கடைகள். ஓட்டல்கள். ஆஸ்பத்திரிகள். தலைக்கு மேலே மேம்பாலம். தீபாவளி சமயத்தில் கால் வைக்க இடம் இராது.

ஊருக்குப் பெயர் கொடுத்தவர்கள் எங்கே? ஆற்றில் துணி துவைத்தவர்களின் பேரன், பேத்திகளில் எத்தனை பேர் இந்தக் கடைகளில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்? எத்தனை பேர் துணி மடித்து வைக்கும் சிப்பந்திகளாக நிற்கிறார்கள்?

உழைக்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். விடியுமுன் எழுந்து, வெள்ளாவி வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள். அப்படியும் கையில் காசு தங்கவில்லை. ஏன்?

இதே "ஏன்" கடல் கடந்து அமெரிக்காவிலும் கேட்கப்படுகிறது. அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களின் வாரிசுகள் கேட்கிறார்கள். அவர்களுடைய செல்வத்தை மறுபடி கட்டி எழுப்ப அங்கே நகரசபைகள் திட்டம் போடுகின்றன. இங்கே ஆதிதிராவிட மக்களுக்காக நமது சர்க்கார் திட்டம் போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று பங்காளிகள் மாதிரி இருக்கின்றன.

பகலில் வெளியே வராதவர்கள்

வண்ணார்களிலே ஒரு பிரிவினர் உண்டு. புதிரை வண்ணார் என்று பெயர். ஆதிதிராவிடர்களின் துணியை வெளுப்பது இவர்கள் தொழில். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தாழ்ந்தவர்களாக ஊர் இவர்களை வைத்திருந்தது.

1932-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "இந்து" பத்திரிகையில் ஒரு செய்தி வெளியாயிற்று. திருநெல்வேலி ஜில்லாவில் சில ஜனங்கள் பகலில் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது! அவர்களைக் கண்ணால் பார்த்தாலே தீட்டாம்! நடு இரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவே துணி துவைத்துவிட்டு, வெளிச்சம் வருமுன் குடிசைக்குள் போய்விட வேண்டும். டாக்டர் அம்பேத்கர் தமது எழுத்திலே இந்தச் செய்தியை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

தீண்டாமை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது காணாமை!

இந்தக் கொடுமையின் இன்னொரு பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களுக்குக் கூலி என்ன? ரொக்கம் அல்ல. இரவில் வீடு வீடாகப் போனால் ஆளுக்குக் கொஞ்சம் சோறு. அறுவடைக் காலத்தில் களத்தில் கொஞ்சம் நெல். அவ்வளவுதான்.

சோறு அன்றைக்கே தீர்ந்துவிடும். நெல் இரண்டு மாதத்தில் தீரும். சோற்றைச் சேர்த்து வைக்க முடியுமா? சோற்றை வட்டிக்கு விட முடியுமா? சோற்றைக் கொண்டுபோய் நிலம் வாங்க முடியுமா?

மூன்று தலைமுறை உழைத்தாலும் நான்காவது தலைமுறை வெறுங்கையோடு தொடங்கியது இதனால்தான். புதிரை வண்ணார்களுக்கென்று தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்தது 2009-ம் ஆண்டில்தான்.

கருப்பட்டியும் மகமையும்

இதே ஜில்லாவில் பிறந்த வேறொரு கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் சங்கதி முடியாது.

திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. செக்கச் செவேல் என்ற மணல். பனையைத் தவிர வேறு ஒன்றும் எளிதில் வளராது. அந்தப் பனையேறிப் பிழைத்தவர்கள் நாடார்கள். அவர்களும் கோயிலுக்குள் போகக்கூடாது என்றுதான் ஒரு காலத்தில் தடுக்கப்பட்டார்கள். கழுகுமலையிலும் சிவகாசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதற்காகக் கலவரமே நடந்தது.

அவர்களில் சிலர் கருப்பட்டி, கருவாடு, புகையிலை மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்கள். வழியெல்லாம் திருடர் பயம். ஆகவே தங்குவதற்குச் சுற்றுச்சுவர் வைத்த இடங்களை ஏற்படுத்தினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் உள்ளே பத்திரமாக இருக்கும். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? பேட்டை!

சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் இப்படிப் பேட்டைகள் எழுந்தன. பேட்டையை நடத்தப் பணம் வேண்டுமே? வருகிற, போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை வைத்தார்கள். அதுதான் மகமை.

மூட்டைக்கு ஒரு சின்னத் தொகை. கொடுப்பவருக்கு வலிக்காது. ஆனால் நூறு வண்டி, ஆயிரம் மூட்டை என்று சேர்ந்தால்? பொதுப் பணம் பெருகியது. கிணறு வெட்டினார்கள். மண்டபம் கட்டினார்கள். தொழில் தொடங்குகிறவனுக்குக் கைமாற்றுக் கொடுத்தார்கள். நொடித்துப் போனவனைத் தூக்கி நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

விருதுநகரில் பள்ளிக்கூடத்துக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கமும் இருந்தது. உலையில் போடுமுன் ஒரு பிடி தனியே. அந்தக் க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்த பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் முதல் மந்திரியான காமராஜ்.

1910-ல் நாடார் மகாஜன சங்கம் ஏற்பட்டது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பாங்கி திறக்கப்பட்டது. 1962-ல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி என்று மாறியது. 2022-ல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. மூட்டைக்குச் சில்லறை வாங்கிய பழக்கம் பங்கு மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது!

வெளுப்புக்காரியின் மகள்

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவில் ரிச்மண்டு என்ற நகரத்திலும் நடந்தது.

அங்கே மேகி லீனா வாக்கர் என்று ஒரு கறுப்பு அம்மாள் இருந்தார். அவருடைய தாயார் முன்பு அடிமையாக இருந்தவர். பிறகு வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தார். சிறுமி மேகி அழுக்குத் துணியை வாங்கி வருவாள். வெளுத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வண்ணார்பேட்டைப் பிள்ளைகள் செய்த வேலைதான்.

அந்தச் சிறுமி வளர்ந்து, 1903-ம் ஆண்டில் ஒரு பாங்கி தொடங்கினார். அமெரிக்காவில் பாங்கிக்கு உரிமம் பெற்றுத் தலைவரான முதல் கறுப்புப் பெண்மணி அவர்தான். பாங்கியின் பெயரே சில்லறைக் காசுச் சேமிப்பு பாங்கி என்று பொருள்படும். துணி வெளுக்கும் பெண்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கொண்டு வந்து போட்ட காசுதான் முதல். அந்தப் பணத்தில் கடன் வாங்கி நூற்றுக்கணக்கான கறுப்புக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின.

ஒரு வித்தியாசம் பாருங்கள். ரிச்மண்டில் துணி வெளுத்தவருக்குக் கூலி குறைவுதான். ஆனால் காசாகக் கிடைத்தது. திருநெல்வேலியில் சோறாகக் கிடைத்தது. காசு பாங்கிக்குப் போயிற்று. சோறு வயிற்றுக்குப் போயிற்று.

"அவர்கள் முன்னேறவில்லையா? நீங்களும் அதுபோல் ஒற்றுமையாக இருந்து முன்னேறுங்களேன்" என்று ஆதிதிராவிட மக்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. உபதேசம் எளிது. ஆனால் மகமை எடுக்க முதலில் ஒரு மூட்டை வேண்டும் அல்லவா? தேரிக்காட்டுப் பனையேறியிடம் விற்பதற்குக் கருப்பட்டி இருந்தது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, நெல்லாகக் கூலி வாங்கியவரிடம் என்ன இருந்தது?

அந்த முதல் மூட்டையைத் தருவதுதான் சர்க்காரின் வேலை. தந்தார்களா? தந்தார்கள். அது எங்கே போயிற்று என்பதுதான் கதை.

வெள்ளைக்காரக் கலெக்டரின் அறிக்கை

செங்கற்பட்டு ஜில்லாவில் டிரமென்ஹீர் என்று ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இருந்தார். சேரி சேரியாகப் போய்ப் பார்த்தார். குடியிருக்கும் மண்கூடச் சொந்தமில்லாமல் ஜனங்கள் இருப்பதைக் கண்டார். எதிர்த்துப் பேசினால் பண்ணையார் குடிசையைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். பிறகு போக்கிடம் ஏது?

1891-ம் ஆண்டில் அவர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். இவர்களுக்கு நிலம் கொடுத்தால்தான் தலை நிமிர்வார்கள் என்று எழுதினார். லண்டன் பார்லிமெண்டு வரைக்கும் அந்த விஷயம் போயிற்று. 1892-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி சென்னை சர்க்கார் உத்தரவு போட்டது. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

அதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

சும்மா கொடுக்கவில்லை. கெட்டியாக நிபந்தனை வைத்தார்கள். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அடகு வைக்கக் கூடாது. தானம் கொடுக்கக் கூடாது. குத்தகைக்கு விடவும் கூடாது. அதன் பிறகு விற்பதானால் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும். வேறு யார் வாங்கினாலும் செல்லாது. சர்க்கார் அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நஷ்டஈடு கிடையாது!

இவ்வளவு பூட்டுப் போட்டும் நிலம் கை மாறிப் போயிற்று. எப்படி?

கிடைத்தது தரிசு நிலம். கிணறு இல்லை. மாடு இல்லை. விதை வாங்கப் பணம் இல்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அல்லது பெண்ணுக்குக் கல்யாணம் வரும். பணத்துக்கு எங்கே போவது? ஊரில் பணம் வைத்திருப்பவர் ஒருவர்தான். பழைய பண்ணையார். அவர் பணம் கொடுப்பார். வெள்ளைக் காகிதத்தில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்வார். காகிதத்தில் பிறகு என்ன எழுதினார்கள் என்று ரேகை வைத்தவருக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தால்தானே?

நிலம் கொடுத்த சர்க்கார், நிலத்தோடு கிணறும் கடனும் எழுத்தும் கொடுக்க மறந்துவிட்டது. பெட்டியைக் கொடுத்துச் சாவியை வேறு ஆளிடம் விட்ட கதைதான்.

1994-ம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லா காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுத்தினார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10-ந் தேதி நடந்த போராட்டத்தில் போலீசார் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் இழந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் சர்க்காரே கொடுத்த நிலத்தைக் கேட்டதற்கு இந்தப் பதில்!

அமெரிக்காவில் கொடுத்த நிலம் நூறு வருஷம்கூட நிற்கவில்லை. 1865 ஜனவரியில், விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்குக் கடற்கரைப் பக்கம் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி ராணுவத் தளபதி ஷெர்மன் உத்தரவு போட்டார். ஜனங்கள் போய் விதைத்தார்கள். அதே வருஷத்தில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

வளர்ந்தால் பொறுக்குமா?

நிலம் போனால் போகட்டும் என்று சிலர் கப்பல் ஏறினார்கள். விமானம் ஏறினார்கள்.

ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் கொடியன்குளம் என்று ஒரு கிராமம். அன்றைய வ.உ.சிதம்பரனார் மாவட்டம். தேவேந்திரகுல வேளாளர்கள் வாழும் ஊர். பையன்கள் அரபு நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பினார்கள். ஓட்டு வீடு காரை வீடாயிற்று. மின்விசிறி சுற்றியது. டெலிவிஷன் வந்தது. தையல் மிஷின் வந்தது. டிராக்டர்கூட வந்தது. பண்ணையார் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவசியம் போயிற்று.

1995-ம் ஆண்டில் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டிருந்தது. ஆகஸ்டு 31-ந் தேதி சுமார் 600 போலீசார் கொடியன்குளத்துக்குள் புகுந்தார்கள்.

எதை உடைத்தார்கள் தெரியுமா? டெலிவிஷன், மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர். தானியக் குதிர்களைச் சிதைத்தார்கள். துணிமணிகளைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். அந்த நெருப்பில் படித்த பையன்களின் சர்டிபிகேட்டுகளும் பாஸ்போர்ட்டுகளும் போயின.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சோறு தின்பவனைத் தாக்கவில்லை. சேர்த்து வைத்தவனைத் தாக்கினார்கள். பாஸ்போர்ட்டு எரிந்தால் அடுத்த மாதம் மணியார்டர் வருமா? நிவாரணம் என்று சர்க்கார் கொடுக்க வந்த பணத்தை ஊர்மக்கள் தொட மறுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் அண்ணன் இருக்கிறது. டல்சா என்ற நகரத்தில் கிரீன்வுட் என்ற பகுதி. கறுப்பு மக்கள் கடையும் ஓட்டலும் சினிமாக் கொட்டகையும் வைத்துச் செழித்திருந்தார்கள். 1921-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவும் மறுநாளும் வெள்ளையர் கும்பல் அந்தப் பகுதியைச் சூறையாடிக் கொளுத்தியது. 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் போயின. இறந்தவர்கள் 100 முதல் 300 வரை இருக்கலாம் என்று பிற்காலத்துக் கமிஷன் கணக்கிட்டது. இன்ஷூரன்சு கம்பெனிகள் பணம் தர மறுத்தன. போதாதென்று, மறுபடி வீடு கட்ட முடியாதபடி நகரசபை ஒரு விதியும் போட்டது! கறுப்பு வக்கீல் பி.சி. பிராங்கிளின் வழக்காடி அந்த விதியை ஒழித்தார்.

கடைசியாக உயிரோடு இருந்த சில முதியவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் ஒக்லஹோமா மாகாண சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அடுத்த வருஷம், 2025 ஜூனில், டல்சாவின் முதல் கறுப்பு மேயரான மன்ரோ நிக்கல்ஸ் ஒரு திட்டத்தை அறிவித்தார். நன்கொடை திரட்டி 10½ கோடி டாலர் நிதி சேர்ப்பது. அதிலிருந்து அந்தப் பகுதிக்கு வீடு, நிலம், படிப்பு உதவி. யாருக்கும் கையில் ரொக்கம் இல்லை. எரிந்து 104 வருஷத்துக்குப் பிறகு!

மேயரின் பிடிவாதம்

எல்லாக் கதையும் அழுகைக் கதை அல்ல. அட்லாண்டா நகரத்துக் கதையைக் கேளுங்கள்.

அந்த நகரில் பாதிக்கு மேல் கறுப்பு மக்கள். ஆனால் நகரசபை கொடுக்கும் காண்டிராக்டில் அவர்களுக்குக் கிடைத்தது நூற்றில் ஒன்றுகூட இல்லை. வரி கொடுப்பவர்கள் இவர்கள். பில் வாங்குபவர்கள் வேறு ஆட்கள்.

1973-ம் ஆண்டில் மேனார்டு ஜாக்சன் என்ற கறுப்பர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 35. அப்போது பெரிய விமான நிலையம் கட்ட வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான டாலர் வேலை. மேயர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேலையில் நாலில் ஒரு பங்கு கறுப்பர் முதலிய சிறுபான்மையோரின் கம்பெனிகளுக்குப் போக வேண்டும்.

பெரிய முதலாளிகள் குதித்தார்கள். "அவர்களுக்கு அனுபவம் இல்லையே! இத்தனை பெரிய வேலையை எப்படிச் செய்வார்கள்?" என்றார்கள். "அனுபவம் இல்லையென்றால் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுங்கள்" என்பது மேயரின் பதில். சம்மதிக்காவிட்டால் விமானப் பாதையில் புல் முளைத்தாலும் கவலையில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். 1980-ம் ஆண்டில் புதிய நிலையம் குறித்தபடி திறக்கப்பட்டது. அந்த வேலையில் கூட்டுச் சேர்ந்து கற்றுக்கொண்ட கறுப்புக் கம்பெனிகள் பிறகு தனியே நின்று வேறு நகரங்களிலும் வேலை எடுத்தன. விமான நிலையத்தின் பெயரில் 2003-ல் ஜாக்சன் பெயரும் சேர்ந்தது.

மேயர் செய்தது தானம் அல்ல. நகரம் எப்படியும் செலவழிக்கப்போகிற பணம் அது. அது எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பதைத்தான் மாற்றினார். முதல் மூட்டை கிடைத்துவிட்டது!

இதைப் பார்த்து மேகி வாக்கரின் ரிச்மண்டு நகரமும் 30 சதவீதம் என்று விதி செய்தது. அந்த விதியை 1989-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு அங்கே பல நகரங்கள் சுற்றி வளைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

நூற்றுக்கு நாலு ரூபாய்

அமெரிக்க யோசனை நமது நாட்டுக்கும் வந்தது. 2002-ம் ஆண்டு ஜனவரியில் போபால் நகரில் தலித் அறிஞர்கள் மாநாடு கூடினார்கள். படிப்பிலும் உத்தியோகத்திலும் இடஒதுக்கீடு இருந்தால் போதுமா, சர்க்கார் வாங்கும் சாமானிலும் பங்கு வேண்டாமா என்று கேட்டார்கள். மத்தியப் பிரதேச சர்க்கார் கேட்டுக்கொண்டது. தான் வாங்கும் சாமான்களில் 30 சதவீதத்தை ஆதிதிராவிடர், பழங்குடியினரிடம் வாங்க விதி செய்தது.

2012-ல் மத்திய சர்க்காரும் ஓர் உத்தரவு போட்டது. சர்க்கார் இலாகாக்களும் பொதுத்துறைக் கம்பெனிகளும் வாங்கும் சாமானில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்காவது இந்த மக்களின் சிறுதொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். மேஜையும் நாற்காலியும், காக்கித் துணியும், போல்ட்டும் நட்டும் எத்தனை கோடிக்கு வாங்குகிறார்கள்! அதில் நூற்றுக்கு நாலு என்றால் சிறிய தொகையா?

ஆனால் பல வருஷங்கள் இது ஒரு ரூபாயை ஒட்டியே நின்றது. நாலைத் தொடவில்லை. டெண்டர் போட முன்அனுபவம் கேட்பார்கள். சரக்கைக் கொடுத்தபின் பில் பாஸ் ஆக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் முதல் உள்ளவர் காத்திருப்பார். தாலியை அடகு வைத்துத் தொழில் தொடங்கியவர் எத்தனை நாள் காத்திருப்பார்?

தமிழ்நாட்டில் 1974-ம் ஆண்டிலேயே ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம் ஏற்பட்டது. தாட்கோ என்று சொல்வார்கள். முதலில் வீடு கட்டியது. பிறகு தொழிலுக்கும் உதவ ஆரம்பித்தது.

2023-ல் இரண்டு திட்டங்கள் வந்தன. ஒன்று அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம். தொழில் தொடங்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு முதலீட்டில் 35 சதவீதம் மானியம். அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய். பாங்கிக் கடன் வட்டியில் 6 சதவீதத்தை அரசு ஏற்கும்.

இன்னொன்று நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம். நிலமில்லாத விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலை மானியம். அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். நிலம் பெண்ணின் பெயரில் பதிவாகும். நிலத்தை விற்பவர் ஆதிதிராவிடராகவோ பழங்குடியினராகவோ இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. நல்ல யோசனை. ஒரு சேரிக்காரரின் நிலம் இன்னொரு சேரிக்காரருக்குப் போனால் மொத்தத்தில் என்ன கூடும்?

கூட வேண்டியது நிறைய இருக்கிறது. 2011 கணக்குப்படி நாட்டு ஜனத்தொகையில் அட்டவணைச் சாதியினர் நூற்றுக்கு 16 பேருக்கு மேல். 2015-16 விவசாயக் கணக்குப்படி அவர்கள் கையில் உள்ள சாகுபடி நிலம் நூற்றுக்கு 9 ஏக்கருக்கும் குறைவு.

மறுபடி கொக்கிரகுளம்

தாமிரபரணிக் கரைக்கே திரும்புவோம்.

1999-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு ஊர்வலம் கலெக்டர் ஆபீசை நோக்கி வந்தது. கூலி உயர்வு கேட்டார்கள். சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுதலை செய்யக் கேட்டார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். கொக்கிரகுளத்தில் போலீசார் தடியடி செய்தார்கள். அஞ்சி ஓடிய ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். அன்று 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வண்ணார்பேட்டைக் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

மூட்டையாகச் சேர்க்க அல்ல. அன்றாடக் கூலி கூடுதலாகக் கேட்டதற்கே இந்தக் கதி.

இன்றைக்கும் திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்களின் கைகளில் மடித்த மனுக்கள். பட்டா வேண்டும். கடன் வேண்டும். பாதை வேண்டும். "எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் வேறு ஆள் கையில் இருக்கிறது" என்ற மனுவும் நடுவே இருக்கும்.

அப்படி மனு கொடுப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. பஞ்சமி நிலம் எது என்பது ஒளிந்து கிடக்கும் ரகசியம் அல்ல. தாலுகா ஆபீசில் பழைய நிலப் பதிவேடுகள் இருக்கின்றன. கிராம "ஏ" பதிவேட்டில் சர்வே நம்பருக்கு எதிரே "டி.சி." என்று குறித்திருந்தால், அது தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம். பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை போகாது. சென்னை ஐகோர்ட்டும் இதை உறுதி செய்திருக்கிறது.

பதிவேட்டைக் காட்ட மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். கிராமத்தின் பெயரையும் சர்வே நம்பரையும் எழுத வேண்டும். பழைய பதிவேட்டின் நகல், இப்போதைய பட்டாவின் நகல் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.